பதினான்கு குழிகளின் சட்டம்

தெற்கேயிருந்து திருவனந்தபுரத்துக்கு வருகிற பிரயாணி, ரயிலில் வந்தாலும் பேருந்தில் வந்தாலும், பெரும்பாலும் முதலில் காலூன்றுகிற இடம் தம்பானூர். ஆமையிழஞ்சான் ஓடை ஊடுருவிச் செல்லும் தாழ்ந்த பூமி அது. பெருமழைக் காலத்தில் இன்றும் அங்கே வெள்ளம் தேங்குவதுண்டு. 1918-ல் கொல்லத்திலிருந்து வந்து நகரின் விளிம்போடு நின்றுவிட்ட இருப்புப்பாதை, மகாராணி சேது லட்சுமி பாயி ஆட்சிப் பொறுப்பை வகித்த காலத்தின் இறுதியில், 1931-ல், தம்பானூர் வரை நீட்டப்பட்டது. கன்னியாகுமரிப் பாதை 1979-ல் திறக்கப்படும்வரை 48 ஆண்டுக்காலம் தண்டவாளம் அங்கேயே முடிந்தது. 1938-ல் திருவிதாங்கூர் அரசாங்கம் தனது பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது நாகர்கோவில் சாலை அதன் முக்கியமான மார்க்கங்களில் ஒன்றாயிற்று. இவ்வாறு வடக்கேயிருந்து வந்த ரயிலும் தெற்கேயிருந்து வந்த பேருந்தும் சந்தித்த அந்த இடத்தைச் சுற்றி, நடந்து சென்று திரும்பக்கூடிய தூரத்துக்குள், தமிழ் வழங்கும் தெருக்கள் பல இருந்தன, இன்றும் இருக்கின்றன.

தம்பானூருக்குத் தெற்கே திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சாலைக் கடைவீதியில் தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வந்தார்கள். பத்மநாப சுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டைக்ககத்திலும், வலியசாலையிலும், கரமனையிலும் அக்கிரகாரங்கள் அமைந்தன. நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், குமாரகோயில் வேலவரும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பவனியாகத் தலைநகருக்கு எழுந்தருளும்போது, வேலவர் வலியசாலைப் பக்கத்து ஆரியசாலையிலும் நங்கை செந்திட்டையிலும் தங்குவது இராஜ்யத்தின் பழைய சம்பிரதாயம். அரண்மனைக்கும் கோயிலுக்கும் கடைவீதிக்கும் சரித்திரம் எழுதியவர்கள் உண்டு. அந்தத் தெருக்களின் வீடுகளுக்குள்ளே, ரேழிக்கும் அடுக்களைக்கும் நடுவே, மத்தியானச் சாப்பாடு முடிந்த பின் பெண்கள் எதிரெதிரே அமர்ந்து நடத்திய ஒரு போட்டிக்கு மட்டும் அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை. பல்லாங்குழி என்று தமிழரும் மலையாளிகளும் ஒரே பெயரால் வழங்கிய அந்த ஆட்டத்தைக் குறித்தே இங்கே எழுத விரும்புகிறேன்; பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்கப்பட்ட அது, சதுரங்கத்துக்குச் சமமான ஆசனத்தில் வைக்கத்தக்க புத்தியின் விளையாட்டு என்பது என் தீர்மானமான எண்ணம்.

சதுரங்கத்துக்குக் கிடைத்த கௌரவத்தை எண்ணிப் பார்த்தால் இந்த வேற்றுமை விளங்கும். ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் தமது ஹர்ஷ சரிதத்தில் அதைப் பிரஸ்தாபித்தார். ஸ்ரீரங்கத்தோடு நெருங்கிய தொடர்புடைய வேதாந்த தேசிகர், பாதுகா சஹஸ்ரத்தில், 32 எழுத்துகள் கொண்ட ஒரு சுலோகத்தைக் கட்டங்களில் எழுதிக் குதிரையின் நடையில் படித்துச் சென்றால் அடுத்த சுலோகம் பிறக்கும்படி பாடிவைத்தார். திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள அம்பலப்புழையில் கண்ணனுக்குப் பால் பாயசம் நிவேதனமாவதற்கே ஒரு சதுரங்கக் கதை காரணமாகச் சொல்லப்படுகிறது. முதற்கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று பந்தயம் கேட்ட முதியவரிடம் தோற்ற அரசன், 64-ஆம் கட்டம் வரை கணக்கிட்டால் 18,446,744,073,709,551,615 மணிகள் ஆகும் என்பதை அறிந்து திகைத்தான் என்பது அக்கதை. கட்டத்தில் தானியம் நிரப்பும் அந்தக் கணக்கைக் கதையாகக் கேட்டு வியந்த அதே நாட்டில், குழியில் விதை நிரப்பும் கணக்கைப் பெண்கள் தினந்தோறும் கையால் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை எந்தப் புலவரும் சுலோகமாக்கவில்லை.

எழுத்தில் இந்த ஆட்டவகை இடம்பெற்றது பெரும்பாலும் அந்நியர் கையால்தான். 1694-ல் தாமஸ் ஹைட் என்னும் ஆங்கில அறிஞர் கீழ்த்திசை விளையாட்டுகளைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டங்களைக் குறித்தார். 1894-ல் ஸ்டூவர்ட் கூலின் என்னும் அமெரிக்கர் இதை ஆப்பிரிக்காவின் தேசிய விளையாட்டு என்று வர்ணித்தார். இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியாளராயிருந்த ஹென்றி பார்க்கர், ஏரிகளையும் அணைகளையும் ஆராய்ந்த அதே சிரத்தையோடு, சிங்களப் பெண்கள் குன்றிமணிகளை வைத்து ஆடும் ஒலிந்த கெளியவையும் 1909-ல் வெளியிட்ட தமது பெருநூலில் விவரித்தார். சதுரங்க சரித்திரத்தின் தந்தையாகிய மர்ரே, சதுரங்கமல்லாத பலகை ஆட்டங்களுக்கென 1952-ல் தனி நூல் எழுதினார். தமிழில் 1954-ல் ஞா. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கியபோதுதான் நம்மவர் ஒருவர் இத்தகைய விளையாட்டுகளை மரியாதையோடு அணுகினார் என்று சொல்ல வேண்டும்.

இந்த ஆட்டக் குடும்பத்தின் எல்லை மிகப் பெரிது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு வடிவம், மலேயாவில் சொங்காக், பிலிப்பைன்ஸில் சுங்கா, திருவனந்தபுரத்துக்கு நேர் தென்மேற்கே மாலத்தீவில் எட்டுக்குழி ஆட்டம், கன்னட நாட்டில் அளிகுளி மணே, தெலுங்கில் வாமன குண்டலு என்று கடலும் மொழியும் தாண்டி அது பரவியிருக்கிறது. இன்ன தேசத்தில் பிறந்து இன்ன வழியாகச் சென்றது என்று முடிவுகட்ட நான் முயலப்போவதில்லை. ஒவ்வொரு தேசமும் தனதென்று உரிமை கொண்டாடுவதிலும் எனக்கு விருப்பமில்லை. மலேயப் பலகையில் வென்ற காய்களைச் சேர்க்க இரு கோடிகளிலும் பெருங்குழிகள் உண்டு. நம்முடைய பலகையில் பெரும்பாலும் அவை இல்லை, வென்றவை மடியிலோ பக்கத்துத் தரையிலோ சேரும். இந்த ஒரு வேற்றுமையே இரண்டு ஆட்டங்களின் கணக்கையும் வெகுவாக மாற்றிவிடுகிறது.

பலகை எளிமையானது. இரு வரிசைகளில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். மரத்தில் குடைந்தது, நடுவே கீல் வைத்துப் பெட்டிபோல் மடிவது, பித்தளையில் வார்த்தது, மீனின் வடிவில் செய்தது எனப் பலவிதம் உண்டு. பலகை இல்லாதவர் மண்ணில் குழி பறித்தோ தரையில் வட்டமிட்டோ ஆடினார்கள், அதனால் ஆட்டத்தின் மதிப்பு அணுவளவும் குறைந்ததில்லை. காய்களாகப் புளியங்கொட்டையும் சோழியும் எங்கும் பயன்பட்டன. திருவிதாங்கூர் வீடுகளில் மஞ்சாடி விதைக்கும் குன்றிமணிக்கும் தனிப் பிரியம். குருவாயூர்ச் சன்னிதியில் குழந்தைகள் உருளியில் கைவிட்டு அளையும் அதே சிவப்பு மஞ்சாடி. இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்று தட்டார் பொன் நிறுத்த அதே விதைகள். ஆண்களின் தராசில் பொன்னை அளந்த விதை, பெண்களின் பலகையில் எண்ணிக்கையை அளந்தது.

கல்யாணச் சீர்வரிசையில் பலகை சேர்வதும், நலங்கின்போது மணமக்களை எதிரெதிரே உட்காரவைத்து ஆடச் சொல்வதும், கர்ப்பிணிப் பெண்ணுக்குத் துணையாக அமர்ந்து மற்றவர்கள் ஆடுவதும், சிவராத்திரியிலும் வைகுண்ட ஏகாதசியிலும் கண்விழிக்க இதையும் பரமபதத்தையும் விரிப்பதும் பழைய வழக்கங்கள். ஆனால் பரமபதம் தாயக்கட்டையின் தயவில் நடப்பது. உருளும் கட்டை என்ன சொல்கிறதோ அதுவே ஆடுபவருக்கு விதி. பல்லாங்குழியில் உருட்டுவதற்கு ஒன்றுமில்லை. இருவர் கண்ணெதிரிலும் எல்லாக் காய்களும் வெளிப்படையாகக் கிடக்கின்றன. மறைவும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. தோற்பவர் தம் கணக்கினாலேயே தோற்கிறார்.

ஆடும் முறையைச் சொல்கிறேன். பல வகைகள் உண்டாயினும் பசுப்பாண்டி என்று வழங்குவதை எடுத்துக்கொள்வோம். குழிக்கு ஐந்து காய் வீதம் எழுபது காய்களை நிரப்ப வேண்டும். தன் பக்கத்து ஏழு குழிகளே ஒருவருக்குரியவை. முறை வந்தவர் தம் குழிகளில் ஒன்றிலுள்ள காய்கள் அனைத்தையும் அள்ளி, வலப்பக்கமாக, குழிக்கொன்றாக இட்டுச் செல்வார். தம் வரிசை முடிந்ததும் எதிராளியின் வரிசையில் தொடர்ந்து, அது முடிந்தால் மீண்டும் தம் வரிசைக்கே வருவார். கையிலிருந்த கடைசிக் காய் விழுந்ததும், அதற்கு அடுத்த குழியிலுள்ளவற்றை அள்ளி மேலும் இடுவார். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளவை எத்தனையாயினும் எடுத்துக்கொள்வார். அத்துடன் முறை எதிராளிக்குப் போகும். துடைத்த குழிக்கு அடுத்ததும் வெறுமையாக இருந்தால் ஒன்றும் கிடைக்காமலே முறை போய்விடும். இதற்கிடையில், எந்தக் குழியிலேனும் இட இட நான்கு காய்கள் சேர்ந்தால் அது பசு. அந்தக் குழி யாருடையதோ அவர், ஆட்டம் யார் கையிலிருந்தாலும், உடனே அந்த நான்கையும் தமக்கென எடுத்துக்கொள்வார். ஒரு பக்கத்தில் இடுவதற்குக் காயில்லாமற் போனால் அந்தச் சுற்று முடிகிறது. எதிர்ப்பக்கத்தில் எஞ்சியவை அப்பக்கத்தாரைச் சேரும்.

இவ்வளவே சட்டம். இதனுள் அடங்கிய சூட்சுமத்தை உணர்வதற்கு, முதல் ஆட்டத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது போதும். நான் என் இடக்கோடியிலுள்ள முதற்குழியிலிருந்து ஐந்தை அள்ளுகிறேன். அவை என் ஆறாம் குழி வரை விழுகின்றன. ஏழாம் குழியின் ஐந்து, எதிராளியின் முதல் ஐந்து குழிகளில் விழுகின்றன. அவருடைய ஆறாம் குழியின் ஐந்து அவருடைய ஏழாம் குழிக்கும் என் முதல் நான்கு குழிகளுக்கும் போகின்றன. இப்போது ஆறு காயுள்ள என் ஐந்தாம் குழி. அது எதிராளியின் நாலாம் குழி வரை செல்கிறது. பிறகு அவருடைய ஐந்தாம் குழியின் ஆறு, சுற்றி வந்து என் நாலாம் குழியில் முடிகின்றன. அடுத்தது, சற்று முன் நானே காலிசெய்த ஐந்தாம் குழி. துடைக்கிறேன், ஆறாம் குழியிலுள்ள ஏழு காய்களும் எனக்கு.

ஆரம்பத்தில் எல்லாக் குழிகளும் சமமாயிருப்பதால், ஏழில் எந்தக் குழியிலிருந்து தொடங்கினாலும் இதே ஐந்து அள்ளல்கள், இதே ஏழு காய் லாபம். இட்ட காய்களும் 27-தான். குழிக்கு ஆறு வீதம் 84 காய் வைத்து ஆடும் வீடுகளிலும் முதல் ஆட்டத்தின் லாபம் ஏழேதான், ஆனால் அதை இரண்டே அள்ளல்களில் எட்டிவிடலாம். அப்படியானால் தொடங்குபவர் எந்தக் குழியை எடுத்தால் என்ன என்று அனுபவமில்லாதவர் கேட்பார். அங்கேதான் ஆட்டம் பிறக்கிறது. முதற்குழியிலிருந்து தொடங்கினால் என் பக்கத்தில் 27 காய்களும் எதிராளியின் பக்கத்தில் 36 காய்களும் எஞ்சுகின்றன; ஏழாம் குழியிலிருந்து தொடங்கினால் என் பக்கம் 31, எதிர்ப்பக்கம் 32. எனக்குக் கிடைப்பது ஒன்றே. நான் எதிராளிக்கு விட்டுச்செல்வது வேறு. எடுத்ததைக் கணக்கிடுகிறவர் கற்றுக்குட்டி என்றும், விட்டதைக் கணக்கிடுகிறவர் கைதேர்ந்தவர் என்றும் தரம் பிரிக்க இந்த முதல் அடியே போதுமானது.

எதிராளியின் விடையையும் பார்ப்போம். நான் முதற்குழியிலிருந்து தொடங்கியிருந்தால், என் பக்கத்தில் இடமிருந்து வலமாக 2, 8, 8, 8, வெறுமை, வெறுமை, 1. அவர் பக்கத்தில் அவருடைய இடமிருந்து 7, 7, 7, 7, வெறுமை, 1, 7. அவர் தமது ஆறாம் குழியின் ஒற்றைக் காயை எடுத்து நகர்த்தினால், அது ஏழாம் குழியில் விழும். என் முதற்குழியின் இரண்டும், பின்னர் என் நாலாம் குழியின் எட்டும் இடப்பட்டு, அவருடைய ஐந்தாம் குழியில் கடைசிக் காய் முடிய, சற்றுமுன் காலியான ஆறாம் குழியைத் துடைத்து ஏழாம் குழியின் எட்டையும் அவர் எடுக்கலாம். ஒரே காயில் தொடங்கி எட்டு! அதற்குப் பதிலாக ஏழாம் குழியின் ஏழு காய்களை அள்ளிக்கொண்டு புறப்பட்டால், பலகையைச் சுற்றிப் பெரிய ஊர்வலம் நடந்து, முடிவில் பத்துக் காய் கிடைக்கும். ஆனால் வழியில் என் முதற்குழியில் நான்கு சேர்ந்து எனக்கொரு பசு கிடைத்துவிடும். அவருக்குப் பத்து, எனக்கு நான்கு. நிகர லாபம் ஆறுதான். பத்தைவிட எட்டே பெரிது என்னும் இந்தக் கணக்கைக் காய்களைத் தொடாமல் கண்ணாலேயே போட்டு முடித்து, அமைதியாக ஒற்றைக் காயை எடுக்கிற பெண்ணை நாம் என்னவென்று மதிப்பது? கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817-லேயே ராணி கௌரி பார்வதி பாயி பிரகடனம் செய்த இராஜ்யம் இது. இருந்தும் அதன் பின் நெடுங்காலம் வரை எண்ணற்ற பெண்களுக்குச் சிலேட்டு கைக்கெட்டவில்லை. அவர்களுக்கு வாய்த்த கணிதசாலை இந்தப் பதினான்கு குழிகள்.

மேலை நாட்டுக் கணித அறிஞர்கள் இந்த ஆட்டக் குடும்பத்தை அலட்சியம் செய்யவில்லை. 12 குழிகளும் 48 காய்களும் கொண்ட அவாரி என்னும் ஆப்பிரிக்க வடிவத்தை, ஆம்ஸ்டர்டாமில் ரோமைன், பால் என்னும் இருவர் 2002-ல் கணிப்பொறிகளைக் கொண்டு முற்றாக ஆராய்ந்து, ஏறத்தாழ 88,906 கோடி நிலைகளை அலசி, இருவரும் பிழையின்றி ஆடினால் அது சமனில் முடியும் என்று நிலைநாட்டினார்கள். இத்தனை நிலைகளின் ஒரு சிறு பகுதியையாவது மனக்கண்ணில் நிறுத்தி ஆடியவர்களே நம் பாட்டிமார் என்பதை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம்.

முதற்சுற்று முடிந்த பின்தான் இந்த ஆட்டத்தின் குணம் முழுமையாக வெளிப்படுகிறது. வென்ற காய்களைக்கொண்டு இருவரும் தத்தம் குழிகளை மீண்டும் ஐந்து ஐந்தாக நிரப்ப வேண்டும். ஒருவரிடம் 23 காய்களே இருந்தால் நான்கு குழிகள் நிரம்பி, மூன்று காய் கையில் நிற்கும். மற்ற மூன்று குழிகள் மூடப்பட்டவை. அடையாளமாக அவற்றில் ஒரு துரும்பை வைப்பார்கள். அடுத்த சுற்றில் இருவரும் அவற்றைத் தாண்டியே காய் இடுவார்கள். எதிராளியோ 47-ல் 35-ஐப் பலகையில் வைத்துவிட்டு 12 காய்களைப் பத்திரமாக மடியில் கட்டிக்கொள்வார். ஒரு குழியை நிரப்பவும் வழியில்லாத நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், சில வீடுகளில் அங்கேயே ஆட்டம் முடியும். வேறு சில வீடுகளில், எஞ்சிய காய்களைக் குழிக்கு ஒன்றாக இட்டு ஆட அவருக்கு அனுமதி உண்டு. அதற்குக் கஞ்சி காய்ச்சுதல் என்று பெயர்.

இந்தக் கட்டத்தை வைத்து, பேராசிரியர் தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழகம்' நூலில் ஆழமான ஒரு கருத்தை முன்வைத்தார். எல்லாருக்கும் சமமாகத் தொடங்கி, ஒருவரிடம் குவிந்து, மற்றவர் வறியவராக முடிகிற இந்த ஆட்டம், பொதுவுடைமை குலைந்து தனியுடைமை தோன்றிய சமூக மாற்றத்தின் நினைவு என்பது அதன் சாரம். ஒரு வீட்டு விளையாட்டில் சமூக சரித்திரத்தைக் காண முடியும் என்று காட்டிய அந்தப் பார்வைக்கு நாம் கடமைப்பட்டவர்கள். செல்வம் செல்வத்தைச் சேர்க்கிற நியதி இந்தப் பலகையில் உண்மையாகவே உண்டு: நான்கு குழிகள் உள்ளவருக்கு நான்கு வழிகளே, ஏழு குழிகள் உள்ளவருக்கு ஏழு வழிகள். மடியிலுள்ள 12 காய்களை எந்த ஆட்டமும் தொட முடியாது. ஆயினும், தோல்வியைத் தலைவிதியாக ஏற்கப் பழக்குகிற ஆட்டமாக இதைக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. நான்கே குழிகளோடு அமர்ந்தவர், ஒரு பசுவைத் தப்பவிடாமலும், எதிராளி துடைக்கப்போகும் குழிக்கு அடுத்ததை முன்கூட்டியே காலிசெய்தும், ஒன்றிரண்டு சுற்றுகளில் மூடிய குழிகளை மீட்டு மறுபடி ஏழையும் திறப்பது இந்த ஆட்டத்தில் வழக்கமாக நிகழ்வது. துரும்பை எடுத்து எறிந்துவிட்டு அந்தக் குழியில் ஐந்து காய்களை வைக்கும் உரிமையைச் சட்டமே அவருக்கு அளித்திருக்கிறது. தானியம் விதைப்பவருக்கே விளையும் என்று எண்ணியிருந்த ஒரு விவசாய சமூகம், இழந்த நிலத்தை மீட்கும் வழியையும் தன் விளையாட்டில் எழுதிவைத்திருக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஒருவரே தனியாக ஆடும் வகையும் உண்டு. சீதைப்பாண்டி என்றும் அசோகவனத்து ஆட்டம் என்றும் அதைச் சொல்வார்கள். இலங்கையில் சிறையிருந்த ஜானகி துயரத்தை மறக்கத் தனியே ஆடியது என்பது ஐதீகம். எதிரே ஆளில்லாதபோதும் கணக்கு தன்போக்கில் நடந்து, ஒரு முடிவுக்கு வந்து நிற்கும். புருஷர் வெளியூர் சென்ற வீடுகளில் அதை ஆடிய பெண்களுக்கு, பிராட்டியின் துணை என்ற எண்ணம் ஒரு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான உக்கிரத்தைத் துளு நாட்டில் காண்கிறோம். அங்கே சென்னெ மணே என்னும் பெயரால் வழங்கும் இதே பதினான்கு குழிப் பலகை, சிரி என்னும் தெய்வத்தின் நெடும்பாட்டில் வருகிறது. அப்பக, தாரக என்னும் இரட்டைச் சகோதரிகள் பெற்றோர் இல்லாத வேளையில் பலகையை எடுத்து ஆடுகிறார்கள். போட்டி முற்றி, ஒருத்தி பலகையாலேயே மற்றவளை அடித்துக் கொன்றுவிட்டு, தானும் கிணற்றில் விழுந்து மடிகிறாள். அதனால் உடன்பிறந்த சகோதரிகள் எதிரெதிரே அமர்ந்து இதை ஆடலாகாது என்னும் விலக்கு அந்நாட்டில் ஏற்பட்டது. பலகையின் இருபுறமும் இருப்பவர்கள் சமமானவர்கள், ஒருவர் மற்றவரின் பங்கை எடுத்தே வாழ முடியும் என்பதை அப்பாட்டு எத்தனை கூர்மையாக உணர்ந்திருக்கிறது! பாகப்பிரிவினையைக் கண்ட எந்தக் குடும்பமும் அந்த விலக்கின் நியாயத்தை ஒப்புக்கொள்ளும்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தபோது, பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணிலும் அதன் நிர்வாகம் கேரளத்திடமும் நின்றன. உறவுகள் எல்லைக்கோட்டின் இருபுறமும் தொடர்ந்தன. நாகர்கோவிலில் பிறந்து கரமனைக்கு வாழ்க்கைப்பட்டவரும், பாலக்காட்டிலிருந்து கோட்டைக்ககத்துக்கு வந்தவரும் ஒரே பலகையின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்தார்கள். அப்போதெல்லாம் ஒரு வீட்டின் சட்டம் மற்றொரு வீட்டின் சட்டத்தைச் சந்திக்க வேண்டியிருந்தது. நூலில் எழுதப்படாத சட்டமாகையால் ஒவ்வொரு வம்சமும் தாய்வழியாகத் தனக்கொரு வழக்கைக் காத்து வந்தது. அதை விட்டுக்கொடுப்பது தாயை விட்டுக்கொடுப்பதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது. நூல்களைவிட இந்த வழக்கு வேற்றுமைகளையே ஆட்டத்தின் உண்மையான சரித்திர ஆவணங்களாக நான் மதிக்கிறேன். யார் எந்த ஊரிலிருந்து பெண்ணெடுத்தார்கள் என்பதைக்கூட அவற்றைக்கொண்டு ஓரளவு தேடிச் செல்லலாம்.

ஆகையால் இரு வேறு ஊர்ப் பெண்கள் இன்று பலகையின் முன் அமர்ந்தாலும் முதலில் செய்ய வேண்டியது பேச்சுவார்த்தைதான். குழிக்கு ஐந்தா, ஆறா? நான்கு சேர்ந்தால் குழிக்குரியவர் எடுப்பதா, இட்டவர் எடுப்பதா? துடைத்து எடுக்கும்போது நேரெதிர்க் குழியையும் சேர்த்து எடுக்கலாமா? எடுத்த பிறகு முறை முடிகிறதா, மேலும் தொடர்ந்து ஆடலாமா? மூடிய குழியில் ஒருவர் தவறிக் காய் இட்டுவிட்டால் அது யாருக்கு? கஞ்சி காய்ச்ச அனுமதி உண்டா, இல்லையா? தம்பானூரைச் சுற்றியுள்ள வீடுகளில் இந்த ஆட்டத்தைக் குழந்தைகளுக்கு மறுபடி கற்பிக்க விரும்புவோர், கடையில் வாங்கிய பலகையோடு வரும் அச்சிட்ட விதித்தாளைச் சற்று ஒதுக்கிவைத்து, இந்தக் கேள்விகளைத் தங்கள் வீட்டின் மூத்த பெண்களிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளட்டும். அவர்கள் சொல்லும் விடைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் இரண்டையும், ஊர்ப்பெயரோடு, எழுதட்டும்.